மட்டக்களப்பிலிருந்து குடும்பத்தோடு ஒரே நாளில் போய்வர எந்தத் தீவு?

கேள்வி, 2023 ஏப்ரல் 3

சித்திரை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து மனைவியின் ஊரான மட்டக்களப்புக்கு வருகிறோம். பிள்ளைகள் இரண்டு பேர் (11, 7), மாமா, மாமி, நாங்கள் இருவர். போட்டில் ஏறி ஒரு தீவுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, பொழுது சாய முன் திரும்ப வேண்டும். எல்லோரும் புறாத்தீவு என்கிறார்கள். அது திருகோணமலையில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து ஒரே நாளில் முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். படம் பார்த்தவர்கள் வேண்டாம்.

2023 ஏப்ரல் 3, இரவு

விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டால் முடியும். ஆறரைக்கு வெளிக்கிட்டால் முடியாது. நான் ஆறரைக்கு வெளிக்கிட்டவன்.

தீவு பார்க்கத்தான் ஆசை என்றால் அலைச்சலே வேண்டாம். கோட்டை இருக்கிற புளியந்தீவு நாலு பக்கமும் வாவி சூழ்ந்த தீவுதான், பாலம் வந்ததால் மறந்துவிட்டோம். பஸ்சை விட்டு இறங்கினால் ஆயிற்று. பகிடியை விடுங்கள், நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

2023 ஏப்ரல் 4, காலை

போகிற வழி இப்படி. மட்டக்களப்பு, வாழைச்சேனை, ஓட்டமாவடி, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர், கிண்ணியா, திருகோணமலை. கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர். அங்கிருந்து நிலாவெளிக்கு இன்னும் ஒரு 15. வான் என்றால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். விடியப்புறம் மாடுகள் தெருவிலேதான் படுத்திருக்கும், ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது.

இந்தத் தெருவின் அருமை புதியவர்களுக்குத் தெரியாது. முன்பு இதே வழியில் ஒவ்வொரு ஆற்றிலும் இறங்கிப் 'பாதை'க்குக் காத்து நிற்க வேண்டும். (பாதை என்றால் எங்கள் பக்கம் தெரு இல்லை. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவை. கொழும்புக்காரருக்காகச் சொல்கிறேன்.) கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தார்கள். அதற்கு முன் 'ஒரே நாளில் திருகோணமலை போய் வருவோம்' என்று யாராவது சொல்லியிருந்தால் வீட்டில் சிரித்திருப்பார்கள்.

நிலாவெளிக் கடற்கரையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் கருமபீடம் உண்டு. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, ஆகவே டிக்கட் இல்லாமல் இறங்க முடியாது. போட் கூலி வேறு, டிக்கட் வேறு. கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீற்றர் அளவுதான், கண்ணுக்கு முன்னால் நிற்கும். 'இவ்வளவு கிட்டவா' என்று பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். ஏறிய பிறகுதான் தெரியும் கிட்டவா எட்டவா என்று.

காலம்: சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. ஐப்பசி பிறந்து வாடை எழும்பினால் கிழக்குக் கடல் வேறு கடல், தை கழியும்வரை அந்த எண்ணமே வேண்டாம். நீங்கள் வருவது நல்ல காலம்தான்.

2023 ஏப்ரல் 4, இரவு

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஓகஸ்ட், ஒரு நீண்ட வார இறுதி. கனடாவிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. மொத்தம் பதினொரு பேர், ஒரு வான். புறாத்தீவு மச்சானின் யோசனை, படங்களைப் பார்த்துவிட்டு விமானத்திலேயே முடிவெடுத்துக்கொண்டு வந்திறங்கியவர். அம்மா மட்டும் 'மண்டூரில் திருவிழா நடக்குது, அங்க போவமே' என்று இரண்டு தரம் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலு மணிக்குப் புறப்படுவதாகத்தான் ஏற்பாடு. அம்மாவும் மனைவியும் இரண்டு மணிக்கே எழும்பிப் புட்டு அவித்து, சூரை மீன் பொரித்து, வாழையிலையில் கட்டிப் பெரிய பெட்டி ஒன்றில் அடுக்கிவிட்டார்கள். கனடாப் பிள்ளைகள் ஐந்தரை ஆகியும் எழும்பவில்லை. கல்லடியை விட்டு வெளிக்கிட ஆறரை. வாகரையில் தேநீர். ஒருவருக்குத் தலை சுற்றியதால் வெருகலில் ஒரு நிறுத்தம். நிலாவெளியில் கால் வைக்கும்போது பதினொன்றரை. கரை முழுக்கச் சனம், டிக்கட் வரிசை வெயிலில் வளைந்து கிடந்தது.

வரிசையில் இன்னொரு கூத்து. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு, அதற்கு மேல் வரி. மச்சான் பிறந்தது ஆரையம்பதி, கையில் இருப்பது கனடாப் பாஸ்போட். 'எண்ட அப்பன் பாட்டன் மீன் பிடிச்ச கடல்' என்று அவர் தொடங்க, கருமபீடத்தில் இருந்த பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு வெளிநாட்டவர் டிக்கட்டையே கிழித்துக் கொடுத்தது. கேட்டால் மச்சான் இன்றைக்கும் அந்தத் தொகையைச் சதம் பிசகாமல் சொல்வார்.

ஓகஸ்டில் பத்து மணி தாண்டினால் காற்று எழும்பும் என்று அன்றுதான் படித்தேன். காலையில் குளம் மாதிரிக் கிடக்கிற கடல் பகலில் பொங்கத் தொடங்குகிறது. பைபர் போட் ஒவ்வொரு அலையிலும் ஏறி விழுந்தது. முன்னால் இருந்தவர்கள் நனைந்து தோய்ந்தார்கள், பின்னால் இருந்த என் மகன் சத்தி எடுத்தான். கால் மணி நேரப் பயணத்தில் இவ்வளவும்.

தீவில் இறங்கியபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. 'மூண்டு மணிக்கு முந்திக் கிறுகணும் அண்ணே, காத்துக் கூடும்' என்றார் ஓட்டி. சாப்பாட்டுப் பெட்டி கரையில் அம்மாவிடம். பொலித்தீன் தீவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள், பெட்டியைப் பிரித்து அடுக்க நேரமில்லை, வைத்துவிட்டு ஏறியாயிற்று. பதினொரு பேரின் சாப்பாடும் கரையில், பத்துப் பேரின் பசியும் தீவில்.

மீனெல்லாம் வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அன்றைய தீவு என்றால் பசியும் சுடுமணலும்தான் நினைவு.

2023 ஏப்ரல் 5

இரண்டு கேள்வி வந்திருக்கிறது.

அம்மா ஏன் கரையில் நின்றார்? முழங்கால் வருத்தம். நிலாவெளியில் இறங்குதுறை ஒன்றும் இல்லை, முழங்காலளவு தண்ணீரில் நடந்துபோய் ஆடுகிற போட்டின் விளிம்பைப் பிடித்து ஏற வேண்டும். அறுபத்தெட்டு வயதுக்கு அது கஷ்டம். உங்கள் மாமிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மற்றது, 'வடிவுதான்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேனாம். சரி, நியாயம். முகமூடியைப் போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் மேலே கேட்ட இரைச்சல் அத்தனையும் நின்றுவிடும். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிற 'கறுக் கறுக்' சத்தம் மட்டும் கேட்கும். பெரிய மகள் ஒரு அழுங்காமைக்குப் பின்னாலேயே போய், ஆமை மூச்சு வாங்க மேலே வந்தபோது தானும் மேலே வந்து, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களும் உண்டு. ஆளைக் கண்டால் அவைதான் ஓடும். சுறா என்று சொன்னதும் மச்சான் தண்ணீரை விட்டு எழும்பியவர்தான், பிறகு இறங்கவே இல்லை. வெளிநாட்டவர் டிக்கட் வீண்.

தீவில் மணலைவிடச் செத்த பவளத் துண்டுதான் அதிகம். வெறுங்காலில் நடந்தால் வெட்டும், ரப்பர் சப்பாத்து கொண்டுபோங்கள். உயிருள்ள பவளத்தில் கால் வைக்காதீர்கள், அது கல் இல்லை, உயிர். அன்றைக்கு நான் பார்த்த நேரத்தில் குறைந்தது பத்துப் பேர் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1998இல் கடல் சூடேறி மேற்கு, தெற்குக் கரைப் பவளமெல்லாம் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பியதை நாங்கள் செருப்புக் காலால் உடைக்கிறோம். வெயிலுக்குக் களிம்பு பூசாமல் நீளக்கை பனியன் போடுங்கள், கழுவிப்போகிற களிம்பும் பவளத்துக்கு ஆகாது.

2023 ஏப்ரல் 5, பின்னேரம்

மூதூர் நண்பர் ஒருவர் திருத்தியிருக்கிறார். ஊர்ச் சனம் அதைப் 'புறாமலை' என்றுதானாம் சொல்லும், 'புறாத்தீவு' சுற்றுலாக்காரர் சொல்லாம். ஒப்புக்கொள்கிறேன். அங்கே நின்று பார்த்தால் மலை என்பதுதான் பொருத்தம், பாறை நாற்பது மீற்றருக்கு மேல் எழும்பி நிற்கிறது. மாடப்புறா அந்தப் பாறையிடுக்கில்தான் முட்டை இடும். வெள்ளைக்காரன் காலத்தில் அதைச் சூட்டுப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்தார்களாம். அதையும் தாண்டிப் புறாவும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது.

இனி நானும் புறாமலை என்றே எழுதுகிறேன். பழையதை மாற்றவில்லை.

2023 ஏப்ரல் 6

மனைவி இதை வாசித்துவிட்டார். முழங்கால் கதை பிழையாம். அம்மா போட்டடிக்கு வந்தாராம். தண்ணீரில் இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போட்டில் கையும் வைத்தாராம். பிறகு கையை எடுத்துவிட்டுத் திரும்பிக் கரைக்கு நடந்தாராம். நான் அப்போது முன்பக்கம் நின்று ஓட்டியோடு கூலி பேசிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. 'முழங்கால் நோகுது' என்று அம்மா சொன்னது உண்மை. நான் கேட்ட பிறகு சொன்னார், அவ்வளவுதான்.

நாலு மணித்தியாலம் சவுக்கு மர நிழலில் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நாங்கள் திரும்பி வந்தபோது பெட்டி கட்டவிழ்க்காமல் அப்படியே இருந்தது. 'நீங்கெல்லாம் சாப்பிடாம நான் எப்படி மனே சாப்பிடுற?' பொரித்த சூரை அந்த மூன்றரை மணிக்கு இருந்த ருசியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2023 ஏப்ரல் 8

பேச்சு எங்கெங்கோ போகிறது. வந்த கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கிற ஹேர்மிஸ் கப்பலுக்குக் குடும்பத்தோடு போட்டில் போகலாமா என்று ஒருவர். போகலாம், போய் நீலத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரலாம். 1942 ஏப்ரல் 9, ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் கப்பல் அது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல். 307 பேர் இறந்தார்கள். இன்றைக்கு அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, பயிற்சி பெற்ற சுழியோடிகளுக்கு மட்டும்தான் சரிவரும். மேலேயிருந்து ஒரு துருவும் தெரியாது. நாளைக்கு 81 வருடம் நிறைகிறது, அதனால் இவ்வளவு எழுதினேன்.

மாந்தீவு வேண்டாம். வாவிக்குள் இருக்கிற வடிவான தீவு என்பது உண்மை. ஆனால் தொழுநோயாளருக்கென வைத்தியசாலை வைத்து ஆட்களை ஊரிலிருந்து பிரித்து வைத்திருந்த இடம் அது. பாயும் பந்தும் கொண்டுபோய்ப் பொழுது போக்கிற இடமில்லை.

முருக்கன்தீவு, பிரம்படித்தீவு என்ற பெயர்களை வரைபடத்தில் பார்த்துவிட்டு ஒரு தம்பி கேட்கிறார், போகலாமா என்று. தம்பி, அவை கிண்ணையடிக்கு அந்தப் பக்கம் சனம் குடியிருக்கிற ஊர்கள். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, அந்தச் சனம் ஆறு கடந்துதான் போக வேண்டும். எங்களுக்கு உல்லாசம், அவர்களுக்கு அன்றாடம். யாராவது தெரிந்தவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போங்கள், எருமைத் தயிர் வைப்பார்கள்.

2023 ஏப்ரல் 9

அம்பாறைக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார், 'எங்கள் பக்கத்தை ஏன் விட்டாய்' என்று. விடவில்லை ஐயா, மறந்தேன்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல யோசனை. இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம். பெயர்தான் சமுத்திரம், குளம். இலங்கையின் மிகப்பெரிய நீர்த்தேக்கம், கல்லோயாவை மறித்து 1949க்கும் 1953க்கும் இடையில் கட்டினார்கள். தண்ணீர் ஏறியபோது மலைகள் மூழ்கி உச்சிகள் மட்டும் மிஞ்சின, அவைதான் இப்போது தீவுகள். கல்லோயா தேசியப் பூங்காவை யானை பார்க்க ஜீப்பில் சுற்றுவதைவிடப் போட்டில் சுற்றுவதுதான் பேர்போனது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு யானை நீந்திப் போகும். தும்பிக்கை நுனியும் மண்டையும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும், பார்த்தால் கறுப்புப் பானை மிதக்கிற மாதிரி.

நான் ஒருமுறைதான் போனேன், அலுவலக ஆட்களோடு. நாலு மணித்தியாலம் சுற்றி ஒரு யானை, அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. ஆனால் அலை இல்லை, சத்தி இல்லை. தீவில் இறங்கிக் குளிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள், அது யானையின் இடம்.

பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணியில் கூட்டிக்கொண்டு போவார்கள், கண்டல் காட்டுக்குள் இரண்டு மணித்தியாலம். தீவு இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

2023 ஏப்ரல் 19

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டார்! 16ஆம் திகதி. மூன்றே முக்காலுக்கு வெளிக்கிட்டு ஏழரைக்கு முன்னாலேயே போட்டில் ஏறியிருக்கிறார்கள். கடல் கண்ணாடியாம். கூட்டம் வரும்போது இவர்கள் திரும்பிவிட்டார்களாம். இவ்வளவுக்கும் மாமி ஏறிவிட்டார், ஓட்டி ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தண்ணீருக்குள் வைத்துப் படியாக்கினாராம். ஒரு கதிரை! எங்கள் பதினொரு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

ஒரே ஒரு குறை எழுதியிருக்கிறார். ஏழு வயது மகளுக்கு லைஃப் ஜாக்கெட் பெரிதாம், இறுக்கிக் கட்டியும் காதுவரை ஏறி வந்ததாம். இது முக்கியம். எல்லாம் பெரிய ஆட்களின் அளவில்தான் வைத்திருப்பார்கள். போட்ட பிறகு ஜாக்கெட்டின் தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் மேலே வந்து பிள்ளை கீழே நின்றால் அது உதவாது.

மாமி ஆமை பார்த்தாராம். எனக்குச் சந்தோசமும் பொறாமையும் அரைக்கு அரை.

2023 ஏப்ரல் 20

கதிரை விசயம் மனதில் கிடந்து உறுத்த, நேற்றிரவு அக்காவுக்கு அழைத்துச் சொன்னேன். 'அன்றைக்கு ஒரு கதிரை இருந்திருந்தால் அம்மாவும் வந்திருப்பார்' என்று. அக்கா சிரித்தார். 'கதிரையா? உனக்கு இன்னும் விளங்கல்லயா?' என்றார்.

அம்மா அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கிறார். போட்டில் கை வைத்தபோது ஓட்டியின் உதவியாள் ஒரு செம்மஞ்சள் ஜாக்கெட்டை நீட்டினானாம். 'இந்தச் சட்டையைப் போட்டுத்தான் போகணும் எண்டா அது போற இடமே இல்லையே மகள்.' அதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பி நடந்தாராம்.

கல்லடியில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: 2004 டிசம்பர் 26, சுனாமி. கல்லடி, திருச்செந்தூர், நாவலடி. எங்கள் வீட்டில் சுவர் போயிற்று, ஆள் போகவில்லை. பக்கத்து வீடுகளில் அப்படி இல்லை. அதற்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் போனால் கடலுக்குப் பக்கவாட்டாகத்தான் உட்காருவார், முகம் கொடுத்தோ முதுகு கொடுத்தோ இல்லை. பதினாலு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு இருந்தவன்தான் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் நிலாவெளிக் கரையில் நாலு மணித்தியாலம் தனியாக உட்கார வைத்தேன். அதைவிட மோசம், பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தத் தண்ணீருக்கு அப்பால் இருந்த நாலு மணித்தியாலம். பெட்டியை அவர் ஏன் பிரிக்கவில்லை என்று இப்போது விளங்குகிறது. ருசி பற்றி மேலே எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். கிடக்கட்டும்.

ஆறரைக்கு வெளிக்கிட்டதுதான் பிழை என்று தொடங்கினேன். நேரம் ஒரு பிழைதான். யார் வருகிறார்கள் என்று எண்ணினோம், வான் சீட்டுக்காக. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

2023 மே 7

அம்மாவுக்குத் தண்ணீர் பயமில்லை, கடல்தான். அவர் பிறந்தது மண்டூர்ப் பக்கம், படுவான்கரை. வாவிக்கு மேற்கே இருப்பதால் படுவான், கிழக்கே நாங்கள் எழுவான். சூரியன் எழும்புகிற கரை, படுகிற கரை, அவ்வளவுதான். சின்ன வயதில் தோணியில்தான் எல்லாப் போக்குவரத்தும். 56 கிலோமீற்றர் நீள வாவியில் அவருக்குத் தெரியாத துறை கொஞ்சம்தான். மண்முனையில் 2014இல் பாலம் வந்தபோது ஊரே கொண்டாடியது, அம்மா மட்டும் 'இனி எல்லாரும் நிக்காமப் போயிருவாங்க' என்றார். பாதைக்குக் காத்திருக்கிற நேரத்தில்தானே ஊர்க்கதை நடக்கும்.

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதை இன்னும் ஓடுகிறது. அடுத்த பயணம் அதுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். தீவு கேட்டவருக்கு அக்கரையைக் காட்டுகிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். வாவி ஆழமில்லை, அலை இல்லை, வெயில் சாய்ந்த நேரம் என்றால் கொக்கும் நீர்க்காகமும் கூடுக்குத் திரும்பும்.

2023 மே 8

நேற்று எழுதியதில் 'ஆழமில்லை, அலை இல்லை' என்ற வரியைப் பிடித்து ஒரு கிண்ணியா ஆசிரியர் ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்: 'குறிஞ்சாக்கேணி, 2021 நவம்பர் 23.'

வாயடைத்துப்போனேன். பாலம் கட்டி முடியாமல் கிடந்த இடத்தில் ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்த நாள். அதுவும் கடலில் இல்லை, களப்பில். நான் வாவியை மடியாக்கி எழுதிவிட்டேன். தண்ணீருக்கு வாவி, கடல் என்று வித்தியாசம் தெரியாது. அதுமட்டுமா? புறாமலைக்குப் போன போட்டில் எல்லோருக்கும் ஜாக்கெட் இருந்தது. அம்மா விரும்புகிற பாதையில் ஒருவரும் போட்டு நான் பார்த்ததில்லை. அம்மாவின் கணக்கு தலைகீழ். என்னுடையதும்தான்.

ஆகவே திருத்தம். வாவியோ கடலோ, ஆள் அளவுக்கு மேல் ஏற்றினால் இறங்கி அடுத்ததற்கு நில்லுங்கள். மழை நாளில் வேண்டாம். மாரியில் முகத்துவாரத்து மணலைக் கடலுக்கு வெட்டிவிட்டால் உள்ளே நீரோட்டம் பிடிக்கும், அந்த நேரம் சின்னத் தோணியில் பிள்ளைகளோடு ஏறாதீர்கள். உங்கள் பிள்ளை அளவு ஜாக்கெட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், வாடகைக்கு எடுப்பதை நம்பவேண்டாம்.

2023 மே 8, இரவு

நீங்கள் வாங்கினீர்களா என்று கேட்டவருக்கு: இன்னும் இல்லை. வாங்குகிறேன்.

2023 செப்டெம்பர் 17

நாலு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை. மன்னிக்கவும்.

நேற்று மண்டூர் போய் வந்தோம். திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு போவோம் என்று அம்மாவே நாள் சொன்னார். மனைவி, பிள்ளைகள் இருவர், அக்கா, அம்மா, நான். மச்சான் கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தார், டிக்கட் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டார்.

விடிய நாலு மணி என்றெல்லாம் இல்லை. எட்டு மணிக்கு எழும்பிச் சாப்பிட்டுவிட்டு, களுவாஞ்சிகுடியில் பழம் வாங்கிக்கொண்டு, குருமண்வெளித் துறைக்குப் போனபோது பாதை அக்கரையில் நின்றது. காத்திருந்தோம். அம்மா துறையில் நின்ற ஒரு கிழவியோடு கதை தொடங்கி, பத்து நிமிடத்தில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பெரியம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார். 'மறுகா அவட மகள் எங்க முடிச்ச?' என்று கேட்டபடியே பாதையில் ஏறினார். கை கொடுக்கக்கூட விடவில்லை. விளிம்பைத் தாண்டிக் கால் வைத்த விதத்தைப் பார்த்தால் முழங்கால் வருத்தம் உள்ள ஆள் மாதிரித் தெரியவில்லை.

நடு வாவியில் என் மகள் தண்ணீரில் கையை விட, அம்மா 'எடு கைய' என்று அதட்டினார். பிறகு தானே குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். அக்கரையில் தெரிந்த மரங்களைக் காட்டி யார் யாருடைய வளவு என்று சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வளவுகளில் இப்போது வேறு ஆட்கள். பெயர் மட்டும் அம்மாவிடம் பழையபடி.

கோயிலில் பூசை வாய் கட்டிக்கொண்டுதான், சத்தமில்லாமல். பிள்ளைகள் இருவரும் முதல்முறை பார்க்கிறார்கள், வழக்கத்துக்கு மாறாக அவர்களும் சத்தம் போடவில்லை. சாப்பாடு அம்மாவின் தங்கை வீட்டில்: வாவி இறால், முருங்கையிலை ஆணம், தயிர். பெட்டி கொண்டுபோகவில்லை.

ஜாக்கெட்? வாங்கினேன், ஐந்து. பிள்ளைகள் இருவருக்கும் அவர்கள் அளவில். பாதையில் நாங்கள் ஐந்து பேரும் செம்மஞ்சளாக நிற்க, சைக்கிளோடு நின்ற பொடியன்கள் சிரித்தார்கள். மகனுக்கு வெட்கம் தாங்கவில்லை. அக்கா போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கென்று எதுவும் வாங்கவில்லை, நீட்டினால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. திரும்பி வரும்போது இருட்டக் கிட்டுகிற நேரம், பாதையில் உட்கார ஒன்றும் இல்லை. மனைவி தன்னுடையதைக் கழற்றி 'மாமி, இதைப் போடுங்கோ' என்று கொடுத்தார். அம்மா அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, நாலாக மடித்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். 'நல்ல மெத்தெண்டு இருக்கு மகள்.'

2023 செப்டெம்பர் 18

மனைவி மறுபடியும் வாசித்துவிட்டார். இறால் இல்லையாம், நண்டாம். இறால் பொரியல்தான் இருந்ததாம், கறி நண்டு. திருத்திக்கொள்ளுங்கள்.